தூக்கத்தை முதலில் எடுத்து வையுங்கள்

காலை 7 மணிக்குக் கல்லூரி. பிற்பகலில் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப், இல்லையென்றால் கடையில் கணக்கு. மாலையில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன். சாப்பிட்டு முடித்து, எல்லோரும் படுத்த பிறகுதான் சொந்தப் படிப்பு. மும்பையில் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் நம் பிள்ளைகள் பலரின் நாள் இப்படித்தான் ஓடுகிறது. இந்த நாளில் எதை வெட்டலாம் என்று பார்த்தால் கல்லூரியை வெட்ட முடியாது, சம்பளத்தை வெட்ட முடியாது, ரயில் பயணத்தை வெட்ட முடியாது. மிஞ்சுவது தூக்கம். அதில்தான் எல்லோரும் கை வைக்கிறார்கள்.

இவர்களிடம் போய் "தினமும் எட்டு மணி நேரம் தூங்கு" என்று சொல்வதால் பயனில்லை. முடிந்தால் தூங்க மாட்டார்களா? ஆனால் ஐந்தரை, ஆறு மணி நேரமே கிடைக்கிறவர்களும் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசு செலவில்லை. கொஞ்சம் திட்டமும், வீட்டிலும் வேலையிடத்திலும் கூச்சப்படாமல் கேட்கும் துணிவும் போதும்.

"எனக்குப் பழகிவிட்டது" என்பவர்களுக்கு

முதலில் இந்த நம்பிக்கையை விட வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வான் டோங்கன், டிங்கஸ் ஆகியோர் நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. நல்ல உடல்நிலையில் இருந்த 48 பேரைக் குழுக்களாகப் பிரித்து, இரண்டு வாரம் தினமும் 4, 6, 8 மணி நேரம் என்று படுக்கவைத்தார்கள். இரண்டு வாரம் முடிந்தபோது, ஆறு மணி நேரக் குழுவின் கவனமும் வேகமும் ஓர் இரவு முழுக்கக் கண் விழித்தவரின் அளவுக்கு இறங்கியிருந்தன. அதைவிடக் கவலைக்குரிய விஷயம், அவர்களுக்கே அது தெரியவில்லை. முதல் சில நாள் தூக்கம் வருகிறது என்றவர்கள், பிறகு "பெரிதாக ஒன்றுமில்லை" என்றார்கள். பிழைகளோ நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயின. ஆக, பழகிப்போவது களைப்பின் உணர்வு மட்டும்தான். களைப்பு உள்ளே அப்படியேதான் இருக்கிறது.

பைக்கில் டெலிவரி செய்யும் மாணவர்கள் இன்னொரு கணக்கையும் மனத்தில் வைக்க வேண்டும். 1997இல் 'நேச்சர்' இதழில் டாஸன், ரீட் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வின்படி, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைகண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. இந்தியாவில் வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 0.03 சதவீதம். காலை 5 மணிக்கு எழுந்த பையன் ராத்திரி 10 மணிக்குக் கடைசி ஆர்டரை எடுக்கிறான் என்றால், ஒரு சொட்டுக் குடிக்காமலேயே அந்த வரம்பைத் தாண்டிய நிலையில் சாலையில் இருக்கிறான். இன்னும் ஐம்பது ரூபாய்க்காக அந்தக் கடைசி ஆர்டரை எடுக்காதீர்கள்.

சென்னையில் நடந்த ஆய்வு நமக்குச் சொல்வது

தூக்க ஆய்வுகள் பெரும்பாலும் அமைதியான ஆய்வுக்கூடத்தில், நல்ல மெத்தையில் நடப்பவை. நம் வீடுகளைப் போன்ற வீடுகளில் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. பெசோன், ராவ், ஷில்பாக், ஸ்கோஃபீல்ட், டோமா என்ற ஐந்து பொருளாதார அறிஞர்கள் சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேரைக் கணினியில் தகவல் பதியும் வேலைக்கு அமர்த்தி, அவர்கள் கையில் தூக்கத்தை அளக்கும் பட்டையைக் கட்டிவிட்டுப் பார்த்தார்கள். 2021இல் முடிவுகள் வெளிவந்தன.

அவர்கள் ராத்திரி படுக்கையில் கழித்தது சுமார் எட்டு மணி நேரம். உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம். வெப்பம், சத்தம், கொசு, நெருக்கம் என்று விழிப்புக்கு மேல் விழிப்பு. ஆய்வாளர்கள் கண்பட்டை, காதடைப்பான், மெத்தை போன்றவற்றைக் கொடுத்தும், அதிகம் தூங்கியவர்களுக்குக் காசு கொடுத்தும் பார்த்தார்கள். தூக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலைத் திறனிலோ மனநிலையிலோ கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இல்லை. கூடுதலாகக் கிடைத்ததும் அதே துண்டு துண்டான தூக்கம்தான்.

வேறொரு குழுவுக்கு, வேலையிடத்திலேயே மதிய உணவுக்குப் பின் அமைதியான இடத்தில் அரைமணி நேரம் படுக்க வாய்ப்பு தந்தார்கள். அவர்களின் வேலைத் திறன், கவனம், மனநிலை எல்லாமே மேம்பட்டன. அந்த அரைமணி நேரம் வேலை நேரத்திலிருந்து போனது என்னவோ உண்மை. ஆனால் வெறுமனே இடைவேளை எடுத்தவர்களைவிடக் குட்டித் தூக்கம் போட்டவர்கள் அதிகம் செய்தார்கள்.

பத்துக்குப் பத்து கோலியில் (ஒற்றை அறையில்) ஐந்து பேரோடு படுக்கும் மாணவருக்கு இதில் இரண்டு செய்திகள் உண்டு. ராத்திரி எத்தனை மணி நேரம் படுத்தோம் என்பதைவிட எத்தனை தடவை விழித்தோம் என்பது முக்கியம். ராத்திரி கிடைக்காததில் ஒரு பங்கைப் பகலில், வேறொரு அமைதியான இடத்தில், குறைந்த நேரத்தில் ஈடுகட்டலாம். இனி வரும் யோசனைகளெல்லாம் இந்த இரண்டின் மேல் நிற்பவை.

விழித்துப் படித்தது எங்கே போகிறது?

1924இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், இரண்டு மாணவர்களை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்துப் பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். படித்துவிட்டுத் தூங்கிய பின் கேட்டபோது, அதே நேரம் விழித்திருந்த பின் கேட்டதைவிட அதிகம் நினைவில் இருந்தது. நூறாண்டாக வந்த ஆய்வுகள் இதை உறுதிசெய்திருக்கின்றன. பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான். இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கம் அதிகம், பிற்பகுதியில் கனவுத் தூக்கம் அதிகம். இரண்டும் படிப்புக்கு வேண்டும். மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுகிறவர் பிற்பகுதியை இழக்கிறார்.

2019இல் வெளிவந்த எம்ஐடி ஆய்வு இதைவிட நேரடியானது. வேதியியல் வகுப்பு மாணவர்கள் 100 பேருக்குக் கைப்பட்டை கட்டி ஒரு பருவம் முழுக்க அளந்தார்கள். பருவத்தை முடித்தவர்களின் மதிப்பெண் வேறுபாட்டில் ஏறக்குறைய கால் பங்கு தூக்கத்தோடு தொடர்புடையதாக இருந்தது: எவ்வளவு தூங்கினார்கள், எவ்வளவு நன்றாகத் தூங்கினார்கள், எவ்வளவு ஒழுங்காகத் தூங்கினார்கள். தேர்வுக்கு முந்தைய ஒரே இரவில் நன்றாகத் தூங்கியதற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே தெரியவில்லை. பாடம் நடந்த நாள்களில் தூங்கியதுதான் கணக்கில் வந்தது. அதாவது, செமஸ்டர் முழுக்கக் கண் விழித்துவிட்டுக் கடைசி ராத்திரி மட்டும் சீக்கிரம் படுத்தால் போனது திரும்பாது.

முதல் வேலை: ஒரு வாரக் கணக்கு

சீட்டுக் கட்டுகிற வீட்டில் சம்பளம் வந்ததும் சீட்டுப் பணத்தை முதலில் தனியே எடுத்து வைப்பார்கள். மீதியில்தான் மாதம் ஓடும். தூக்கத்தையும் அப்படித்தான் வைக்க வேண்டும். எல்லா வேலையும் போக மிஞ்சியது தூக்கத்துக்கு என்று விட்டால் ஒருநாளும் மிஞ்சாது.

ஒரு நோட்டை எடுத்து ஏழு நாள் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன், இடையில் எத்தனை தடவை விழித்தேன், பகலில் எந்த நேரத்தில் கண் சொருகியது. வாரக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். பதினெட்டு வயதுக்கு மேல் 7 முதல் 9 மணி நேரமும், பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்பு வயதில் 8 முதல் 10 மணி நேரமும் தேவை. உங்களுக்கு எவ்வளவு குறைகிறது என்பது இப்போது கையில் இருக்கிறது. அதே நோட்டில், போனில் வெறுமனே கழிந்த நேரத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். பலருக்கு முதல் அரைமணி நேரம் அங்கிருந்தே கிடைத்துவிடும்.

அசையாத நான்கு மணி நேரம்

தினம் ஒரே நேரத்தில் படுக்க முடியவில்லை என்றால், குறைந்தது நான்கு மணி நேரத்தையாவது அசையாமல் வையுங்கள். 1981இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் மைனர்ஸ், வாட்டர்ஹவுஸ் காட்டியது இது: தினமும் ஒரே நேரத்தில் நான்கு மணி நேரம் தூங்கிவிட்டு, மீதியை வெவ்வேறு நேரங்களில் தூங்கினாலும் உடலின் உள் கடிகாரம் குழம்புவதில்லை.

உதாரணத்துக்கு, வாரத்தில் மூன்று நாள் 11 மணிக்குப் படுக்கிறீர்கள், மூன்று நாள் 1 மணிக்குப் படுக்கிறீர்கள் என்றால், 1 முதல் 5 வரை என்பது உங்கள் அசையாத நேரம். என்ன வந்தாலும் அந்த நேரத்தில் புத்தகமோ போனோ கையில் இருக்கக்கூடாது. எழும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாதீர்கள். ஞாயிறு பன்னிரண்டு மணி வரை படுத்தால் அன்று ராத்திரி தூக்கம் வராது, திங்கள் 7 மணி வகுப்பு வீணாகும்.

கால் சென்டரில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கும் இதே விதிதான். ஷிஃப்ட் முடிந்து வீடு வந்ததும் காலை 8 முதல் 12 வரை என்று ஒன்றை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளிலும் அதன் ஒரு பகுதியையாவது காப்பாற்றுங்கள். திரும்பி வரும்போது வெயில் கண்ணில் படாமல் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் வீட்டில் தூக்கம் சீக்கிரம் பிடிக்கும்.

கோலிக்குள் ஒரு மூலை

2013 ஜனவரியில் சி.ஏ. முடிவு வந்தபோது நாட்டிலேயே முதலிடம் பிடித்தவர் பிரேமா ஜெயக்குமார். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து மும்பையில் ஆட்டோ ஓட்டியவரின் மகள். மாலாடில் ஒரு சாலில், ஒற்றை அறை வீட்டில் இருந்து படித்தவர். சின்ன வீடு என்பதால் பெரிய படிப்பு முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சின்ன வீட்டில் படிப்பையும் தூக்கத்தையும் பிரித்து வைத்தே தீர வேண்டும்.

முடிந்த அளவு படிப்பை வெளியே கொண்டுபோங்கள். வொர்லியில் 'அப்யாஸ் கல்லி' என்றே ஒரு தெரு உண்டு. வீட்டில் இடமில்லாத மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்து படித்து அதற்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மாநகராட்சியும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் 'அப்யாசிகா' என்ற படிப்பறைகள் பல வார்டுகளில் இருக்கின்றன. உங்கள் வார்டு அலுவலகத்திலோ நகரசேவகர் அலுவலகத்திலோ விசாரியுங்கள். கல்லூரி நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்றும் கேட்டு வையுங்கள். வெளியே இரண்டு மணி நேரம் முழுக் கவனத்தோடு படித்தால், வீட்டில் நள்ளிரவு வரை விளக்கைப் போட்டு எல்லோர் தூக்கத்தையும் கெடுக்க வேண்டியதில்லை.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை:

சுவரோரம் அல்லது போட்மாலாவில் (அறைக்குள் கட்டிய மேல்தளத்தில்) ஒரே இடத்தை உங்கள் படுக்கைக்கு ஒதுக்குங்கள். வாசலோரம் வேண்டாம், வருகிறவர் போகிறவர் எல்லாம் தாண்டிப் போவார்கள். முதலில் எழுகிறவர் வாசல் பக்கம், கடைசியில் எழுகிறவர் உள்பக்கம் என்று படுக்கும் வரிசையை மாற்றினாலே விழிப்பு குறையும்.

கொசுவலை கட்டுங்கள். மழைக்காலத்தில் டெங்கு, மலேரியாவிலிருந்தும் அது காக்கும். மின்விசிறிக் காற்று நேராக உடம்பில் படும்படி படுத்தால் வெக்கையும் குறையும், வெளிச்சத்தமும் அமுங்கும். மெல்லிய பருத்தித் துணியை மடித்துக் கண்ணில் கட்டிக்கொண்டால் அதுவே கண்பட்டை. மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் மலிவுதான்.

வெளியே ஒலிபெருக்கி அலறினால் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள் வரை மட்டும், நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். தனியாகப் புகார் சொல்லத் தயக்கமாக இருந்தால், தேர்வு மாதத்துக்கு முன்பே பத்துப் பெற்றோர் சேர்ந்து விழா நடத்தும் மண்டல்காரர்களிடம் பேசுங்கள். நம் தெருப் பிள்ளைகளின் பரீட்சை என்றால் பெரும்பாலும் கேட்பார்கள். கேட்காவிட்டால் 112 இருக்கிறது.

தண்ணீர் நேரமும் பெண் பிள்ளைகளும்

பல சந்துகளில் குழாயில் தண்ணீர் விடியற்காலையில் சில மணி நேரம்தான் வருகிறது. குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுவது யார்? பெரும்பாலும் அம்மா, இல்லையென்றால் மகள். ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டுக் கடைசியாகப் படுப்பதும் அவளே. அதே வீட்டில் படிக்கும் அண்ணனைவிட அவளுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் குறைவு என்றால், அவள் இழக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வீடுதான் பொறுப்பு.

முறை வைத்துக்கொள்ளுங்கள். திங்கள், புதன், வெள்ளி ஒருவர், மற்ற நாள் மற்றவர். ஆண் பிள்ளை குடம் தூக்கினால் ஒரு கௌரவமும் குறையாது. வீட்டில் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாதவர்களுக்கு ஒரு மாதிரி:

"எம்மா, எனக்கு அடுத்த மாசம் பரீட்சை. வாரத்துல மூணு நாளு தம்பி தண்ணி பிடிக்கட்டும். அந்த மூணு நாளும் ராத்திரி பாத்திரத்த நான் பாத்துக்கிடுதேன். பத்தரைக்கு டிவிய அமத்திட்டா எல்லாருக்குமே நல்லது."

எதையும் விட்டுக்கொடுக்காமல் கேட்டால் சண்டையில்தான் முடியும். ஒன்றை ஏற்றுக்கொண்டு ஒன்றைக் கேட்டால் பெரும்பாலும் நடக்கும்.

இருபது நிமிடக் குட்டித் தூக்கம்

மதியம் 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் உடல் தானாகவே சோர்கிறது. அந்த நேரத்தில் இருபது நிமிடம் கண் மூடினால் போதும். அரைமணியைத் தாண்டினால் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போய்விடுவீர்கள். எழும்போது தலை கனக்கும், மந்தம் தெளியக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான்கு மணிக்குப் பிறகு தூங்கினால் ராத்திரித் தூக்கம் தள்ளிப்போகும். படுக்க இடமில்லை என்றால் மேசையில் தலை சாய்த்தாலும் பயன் உண்டு. நாசா தன் விமானிகள் ஆய்வில் விமானத்தின் இருக்கையிலேயே 40 நிமிடம் ஓய்வு தந்து பார்த்தது. சராசரியாக 26 நிமிடம் தூங்கியவர்கள், ஓய்வில்லாதவர்களைவிடத் தெளிவாக வேலை செய்தார்கள்.

ராத்திரி ஐந்து மணி நேரம்தான் கிடைக்கும் என்பவர்கள் இன்னும் கொஞ்சம் நீட்டலாம். சிங்கப்பூரின் டியூக்-என்யூஎஸ் ஆய்வாளர்கள் 15 முதல் 19 வயது மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரே மூச்சாக ஆறரை மணி நேரம் படுத்தவர்களைவிட, ராத்திரி ஐந்து மணி நேரமும் மதியம் ஒன்றரை மணி நேரமும் எனப் பிரித்துப் படுத்தவர்கள் பகலில் கூடுதல் விழிப்போடு இருந்தார்கள். ஆனால் ரத்தச் சர்க்கரை அவர்களுக்குக் கூடுதலாக ஏறியது. ஆகவே நெருக்கடியான மாதங்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதுக்கும் ஏற்ற ஏற்பாடு அல்ல.

வேலையிடத்தில் எப்படிக் கேட்பது? சில மணி நேரத் தொடர் வேலைக்குப் பின் அரைமணி நேர இடைவேளை என்பது மகாராஷ்டிரக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் பொருந்தும் இடங்களில் உங்கள் உரிமை. உணவை டப்பாவிலிருந்து பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு மீதியைத் தூங்கலாம். கடையில் இருப்பவர்கள் இப்படிக் கேட்கலாம்:

"அண்ணாச்சி, மூணு மணி வரைக்கும் கூட்டம் இருக்காது. ரெண்டரைக்கு ஒரு இருவது நிமிசம் பின்னால மூட்டைல சாஞ்சுக்கிடுதேன். யாராச்சும் வந்தா ஒரு கொரல் குடுங்க. ராத்திரி கணக்கு நோட்ட நானே முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

ஆடிட்டர் அலுவலகம் என்றால், "சார், லஞ்ச்சுல இருபது நிமிஷம் கான்ஃபரன்ஸ் ரூம்ல உக்காந்துக்கலாமா? ரெண்டு மணிக்கு சீட்டுல இருப்பேன்" என்றால் போதும். சொன்ன நேரத்துக்கு சீட்டில் இருங்கள். ஒரு வாரம் அப்படி நடந்துவிட்டால் பிறகு யாரும் கேட்கப்போவதில்லை.

லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அதையும் பயன்படுத்துங்கள். பையை மடியில் வைத்து வாரைக் கையில் சுற்றி, இறங்கும் நிலையத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் போனை அதிரும்படி வையுங்கள். இடம் கிடைக்காமல் கண் சொருகினால் உள்ளே தள்ளி நின்றுகொள்ளுங்கள். தூக்கக் கலக்கத்தில் வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்குவது உயிரோடு விளையாட்டு.

காபி, டீ, போன்

மாட்டுங்காவில் நல்ல ஃபில்டர் காபிக்குப் பஞ்சமில்லை, தெருவுக்குத் தெரு கட்டிங் சாய் உண்டு. குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, நேரம் பார்த்துக் குடியுங்கள். உள்ளே போன காஃபீனில் பாதி கரையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு அதிக அளவில் எடுத்த காஃபீன்கூடத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்தது என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. ராத்திரி 11 மணிக்குப் படுப்பவருக்கு மாலை 4 மணி டீயே கடைசியாக இருக்கட்டும். மதியக் குட்டித் தூக்கத்துக்குச் சற்று முன்னால் ஒரு காபி குடித்தால், எழும் நேரத்தில் அது வேலை செய்யத் தொடங்கும். இது பலருக்கு நன்றாகக் கைகொடுக்கிறது.

கண் விழிக்க மாத்திரை, எனர்ஜி டிரிங்க் என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். தூக்க மாத்திரையை நண்பர் சொன்னார் என்று விழுங்காதீர்கள். போனைத் தலையணைக்குக் கீழே வைக்காமல் எட்டாத இடத்தில் சார்ஜில் போடுங்கள். அலாரம் அடிக்கும்போது எழுந்து போய்த்தான் அணைக்க வேண்டும் என்பதால் எழுவதும் உறுதி. எழுந்ததும் பத்து நிமிடம் வெளி வெளிச்சத்தில் நின்றால் உடம்பின் கடிகாரம் சரியாக முறுக்கிக்கொள்ளும்.

பரீட்சை வாரம்

முழு இரவு விழிப்பைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். கணக்கு, கணக்கியல் போன்று யோசித்துச் செய்பவற்றை நாளின் தெளிவான நேரத்தில் செய்யுங்கள். வரையறை, சூத்திரம், சட்டப் பிரிவு எண் போன்ற மனப்பாடங்களைப் படுப்பதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் பாருங்கள், பார்த்த கையோடு தூங்குங்கள். காலையில் எழுந்ததும் புத்தகத்தைத் திறக்காமல் வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள். எங்கே நின்றது என்பது தெரிந்துவிடும். பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்பே டெலிவரி நேரத்தைக் குறையுங்கள், டியூஷன் பெற்றோரிடமும் சொல்லி வையுங்கள்.

சுமையையே குறைக்க வழி உண்டா?

சில நேரம் தூக்கம் போவதற்குக் காரணம் நேரத் திட்டம் அல்ல, தேர்ந்தெடுத்த படிப்பின் அமைப்பு. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இந்த நகரம் தொடக்கத்திலிருந்தே இடம் கொடுத்திருக்கிறது. 1911இல் என்.எம். ஜோஷி தொடங்கிய சோஷியல் சர்வீஸ் லீக் ஆலைத் தொழிலாளர்களுக்கு இரவுப் பள்ளிகள் நடத்தியது. 1946இல் டாக்டர் அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகம் சித்தார்த் கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகிறவர்களும் படிக்கும்படி காலையிலேயே வகுப்புகளை வைத்தது. மும்பைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி 1971இலிருந்து நடக்கிறது. இரவுப் பள்ளி மாணவர்களுக்குச் சாப்பாடும் பாடப்பொருளும் தரும் மாசூம் அமைப்பு 2008இலிருந்து இயங்குகிறது.

ஆகவே, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள். வகுப்பு எத்தனை மணிக்கு, வீட்டிலிருந்தும் வேலையிலிருந்தும் எவ்வளவு தூரம், வருகைப்பதிவு எவ்வளவு கட்டாயம் என்று கேளுங்கள். சி.ஏ. படிப்பவர்களுக்கு 2023இல் வந்த புதிய முறையில் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்திருக்கிறது. இரண்டாண்டுக்கு டியூஷனை நிறுத்தி வைத்தால் சமாளிக்க முடியுமா என்று வீட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள். தினமும் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகவே தூங்க முடிகிறது, மூன்று மாதமாக மாற்றமில்லை என்றால், ஏதோ ஒன்றை விட்டாக வேண்டிய கட்டம் அது. ஒரு பருவம் தள்ளி எழுதுவதால் வாழ்க்கை போய்விடாது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

நேரம் கிடைத்தும் வாரக்கணக்கில் தூக்கம் வராதது, பலமான குறட்டையோடு மூச்சுத் திணறி எழுவது, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவது, எதிலும் விருப்பமில்லாமல் போவது, வாழ்வதே பாரம் என்று தோன்றுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் பக்கத்திலேயே மாநகராட்சியின் சயான் மருத்துவமனை இருக்கிறது. மனம் தளரும்போது 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

இந்த வாரமே தொடங்க

இன்று: எழும் நேரத்தை முடிவு செய்து, அசையாத நான்கு மணி நேரத்தை நோட்டில் எழுதி, வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். நாளை: போனைப் படுக்கையிலிருந்து அப்புறப்படுத்துங்கள், மாலை 4 மணிக்குப் பின் டீயை நிறுத்துங்கள். மூன்றாம் நாள்: வேலையிடத்தில் இருபது நிமிடத்தைக் கேளுங்கள். வார இறுதி: நோட்டைப் பார்த்து, விழிப்புக்குக் காரணமான ஒன்றை, அது கொசுவோ வெளிச்சமோ படுக்கும் இடமோ, சரிசெய்யுங்கள்.

தூங்குவதைச் சோம்பலாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. 2024 ஏப்ரலில் மும்பை உயர்நீதிமன்றம், ஒருவரை நள்ளிரவு தாண்டி உட்காரவைத்து விசாரித்ததைக் கண்டித்தபோது, தூக்கம் மனிதரின் அடிப்படைத் தேவை, அதை மறுப்பது அவர் உரிமையை மீறுவது என்று தெளிவாகச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த உரிமை உண்டென்றால், குடும்பத்தைத் தூக்கி நிறுத்தப் பகலெல்லாம் உழைத்துப் படிக்கும் பிள்ளைக்கு இல்லையா? பெற்றோரும் முதலாளிகளும் அந்த நேரத்தை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். மாணவர்களே, நீங்களும் குற்ற உணர்ச்சி இல்லாமல் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரமும் படிப்பு நேரம்தான்.